சித்தரின் கம்ப்யூட்டரும் முனிவேலின் கால்விரலும்

ஓசூரில் ஷிப்ட் முடிந்து வருகிற கூட்டமெல்லாம் அந்த வருடம் ஒரு பிரவுசிங் சென்டர் வாசலில் நின்றது. உள்ளே ஆன்லைன் சித்தர் கமலக்கண்ணன். மானிட்டருக்கு மாலை, கீபோர்டுக்குக் குங்குமம். திரையில் உள்ளங்கையை வைத்தால் இமயமலைக் குரு இன்டர்நெட்டில் அருள் அனுப்புவார். உடம்பின் சர்க்கரை அளவைப் பிரிண்டர் துப்பும். ஊசி கிடையாது. இருநூறு ரூபாய்தான்.

"ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சா எவ்ளோ செலவு? இது சிக்கனம்ங்க" என்பார் சித்தர். அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். இலவசத்தில் அருள் ஏது?

லேத் பட்டறை முனிவேல் ஆறு வாரமாக வருகிறார். முதல் சீட்டில் 340, ஆறாவதில் 130. சந்தோஷத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். கால்விரல் புண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

"கழிவு வெளியேறுது" என்றார் சித்தர்.

முனிவேலின் மனைவி மாதேஸ்வரிக்கு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. அங்கே அளக்கும் கருவிமேல் சந்தேகம் வந்தால், ஏற்கெனவே அளந்தது என்று சொல்லாமல் அதே பாகத்தை மறுபடி அளக்கக் கொடுப்பார்கள்.

ஏழாவது வாரம் அவளும் வந்தாள். முனிவேல் கை வைத்தார். 110. கூட்டம் கும்பிட்டது.

மாதேஸ்வரி அவரை வெளியே அழைத்துப்போய், தலையில் தொப்பி வைத்து, முகத்தில் கைக்குட்டை கட்டி, அழகர்சாமி என்ற பெயரில் புது டோக்கன் வாங்கினாள்.

"என்னாத்துக்கு இந்த வேஷம்?"

"குருவுக்குத் தெரிஞ்சது உங்க கையா, உங்க பேரான்னு பாக்கத்தான். போய் வைங்க."

சித்தர் டோக்கனைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. பிரிண்டர் துப்பியது: 345.

மாதேஸ்வரி கைக்குட்டையை அவிழ்த்து, இரண்டு சீட்டையும் தூக்கிக் காட்டினாள். "பாருங்கண்ணா, ஒரே கை. கால் மணி நேரத்துல நூத்திப்பத்து முந்நூத்தி நாப்பத்தஞ்சு ஆயிடுச்சி. நடுவுல இவரு டீ கூட குடிக்கல."

"லைன் கொஞ்சம் ஸ்லோம்மா" என்றார் சித்தர்.

வரிசையில் நின்ற சாந்தம்மா பையைத் துழாவினார். "எனக்கும் மொத வாரம் முந்நூத்தி நாப்பதுதான்."

"எனக்கும்" என்றார்கள் நாலு பேர். புது ஆளுக்கு முந்நூற்றுச் சொச்சம். வாரா வாரம் கொஞ்சம் குறையும். கம்ப்யூட்டர் அளந்தது ரத்தத்தை அல்ல, வருகையை. எல்லோரும் சீட்டு ஒப்பிட்டு முடிப்பதற்குள் சித்தர் பின்வாசல் வழியே லாக் அவுட் ஆகியிருந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். 380. "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும்" என்றார் டாக்டர்.

ஆயிரம் நட்டில் ஒன்று மயிரிழை கோணினாலும் கண்டுபிடித்துத் தூக்கி எறிகிற கைகள்தாம் அன்று வரிசையில் நின்றவை. முதலாளியின் நட்டுக்குக் காட்டுகிற சந்தேகத்தில் பாதியைச் சொந்த உடம்புக்கும் காட்டினால் என்ன?