ஃப்ளாரன்ஸில் ஃபைல் அண்ணாச்சி

உலகத்தில் ஃபைல் அண்ணாச்சி அளவுக்குக் காகிதத்தை நம்பிய மனிதர் வேறொருவர் பிறந்ததில்லை. கடவுளே நேரில் வந்து வரம் தருகிறேன் என்றாலும், "ஒரிஜினல் இருக்கா, வெறும் காப்பியா?" என்றுதான் கேட்பார்.

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு மேல்மாடி அவருடையது. திருநெல்வேலிக்காரர், தனிக்கட்டை, கம்ப்யூட்டர் வேலை. நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. பெயருக்குக் காரணம், ஃபைல் என்று சொல்லிக்கொண்டு கைக்குழந்தை மாதிரி அவர் மார்போடு அணைத்துத் திரிந்த பழுப்பு ரெக்ஸின் பை.

1999 கோடையில் என் தம்பிக்கு மதுரையில் கல்யாணம். நான் ஒரே அக்கா, நாத்தனார் முடிச்சு நான்தான் போட வேண்டும். நானும் என் கணவர் செந்திலும் கிளம்பினோம். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்கும் ஸ்டாம்பிங்குக்காக அண்ணாச்சியும் அதே விமானத்தில் டிக்கெட் போட்டார். ரோம் வழியாகப் பயணம். நடுவில் நான்கு நாள் ஃப்ளாரன்ஸ் பார்க்கலாம் என்றது என் ஆசை, என் தலையெழுத்து.

எங்கள் மூவரின் பாஸ்போர்ட், ஹெச்-1 வேலை விசா அப்ரூவல், பே ஸ்டப், டிகிரி சர்டிஃபிகேட் எல்லாம் அண்ணாச்சியின் பைக்குள் போயின. கூடவே எங்கள் கல்யாண ஆல்பமும்.

"ஆல்பம் எதுக்கு அண்ணாச்சி? நாங்க ரெண்டு பேருமே தனித்தனி ஹெச்-1தானே?"

"கான்சுலேட்ல கேட்டுட்டான்னா? சத்தியமா கட்டிக்கிட்டோம்னு அவன்ட்ட அடிச்சுச் சொல்லுவியளா?"

ஃப்ளாரன்ஸின் பெரிய மாதாகோயில் கோபுரத்துக்கு நானூற்றுச் சொச்சம் படிகள். பையைக் கட்டிப்பிடித்தபடியே ஏறினார். பின்னால் வந்த வெள்ளைக்காரர், குழந்தையைத்தான் தூக்கிப் போகிறார் என்று நினைத்துப் பாவப்பட்டு ஒதுங்கி நின்றார். உச்சியில் ஊரே சிவப்பு ஓடாக விரிந்து கிடந்தது. அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை, ஜிப் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

சிலை, ஓவியம், நகைக்கடைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பழைய பாலம், எதிலும் அவருக்கு நாட்டமில்லை. ஆனால் தெருக்குழாய் எங்கே இருக்கிறது, கடைக்காரன் மதியம் எத்தனை மணிக்குக் கதவை அடைத்துத் தூங்கப் போகிறான் என்பதையெல்லாம் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொண்டார். பஸ் டிக்கெட்டை வண்டிக்குள் இருக்கும் பெட்டியில் நாமே முத்திரை குத்த வேண்டும் என்று தெரிந்ததும் துள்ளினார். "பாத்தியளா மாப்ள, இங்கனயும் ஸ்டாம்பிங்!"

எங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை. உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை, நின்று குடித்தால் அதில் பாதி. அதனால் முதல் மூன்று நாள் காலையும் நின்றே குடித்தோம். அங்கே வந்த மீசைக்காரர் ஒருவரைப் பற்றிக்கூட அண்ணாச்சி நோட்டில் ஏற்றினார். "மீசை. எதுத்த அரமனை வாச்மேன். ஏழு பத்து. ரெண்டு சீனி."

"இத்தாலிக்கு வந்து வாச்மேன் சீனியை எண்ணுறீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அரண்மனையில் கோடைக் கண்காட்சி, பழைய காலத்து நிலப்படங்கள். வாசலில் பையை உள்ளே விடமாட்டேன் என்றார்கள். அண்ணாச்சி பத்து நிமிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்றாடிவிட்டு, பையைக் கொடுத்துப் பித்தளை டோக்கன் ஒன்றை வாங்கினார். முதல் அறையிலிருந்து மட்டும் மூன்று தடவை ஓடிப்போய்ப் பையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

நான்காவது அறையில் அவருடைய கூச்சல் கேட்டது. "தங்கச்சி, ஓடி வா! கன்னியாகுமரி போட்டிருக்கான்! திருநெல்வேலியத்தான் காணும், களவாணிப்பய!"

நான் ஓடினேன். ஜூலைப் புழுக்கம், காலையிலிருந்து ஒரு பன் மட்டும். கன்னியாகுமரிக்கு நேர் கீழே மயங்கி விழுந்தேன். பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் முகத்தில் சொட்டிய அண்ணாச்சியின் கைக்குட்டை, தோட்டத்து மரநிழல், ஒரு டாக்சி.

மாலை ஆறரைக்கு ஹோட்டலில் கண் விழித்தேன். செந்தில் மறுநாள் பதினோரு மணி ரயில் டிக்கெட்டை எடுத்து வைத்தபடி கேட்டார்: "அண்ணாச்சி, பாஸ்போர்ட்?"

அண்ணாச்சியின் கை மார்புக்குப் போனது. மார்பில் பை இல்லை. சட்டைப்பையிலிருந்து பித்தளை டோக்கன்தான் வந்தது.

ஓடினோம். அரண்மனை பூட்டியிருந்தது. கதவில் தொங்கிய அட்டையை ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் படித்துச் சொன்னார்: திங்கட்கிழமை விடுமுறை. எங்கள் விமானமோ திங்கள் மாலை. அதை விட்டால் வியாழக்கிழமை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

நடுத்தெருவில் நின்று கத்தினேன். "எப்படி மறப்பீங்க? குளிக்கப் போனாக்கூட தூக்கிட்டுப் போவீங்களே! என் தம்பி கல்யாணம் அண்ணாச்சி!"

"தப்புதான் தங்கச்சி" என்றார். நோட்டைப் புரட்டி, மீசையைப் பற்றி எழுதிய வரியைக் காட்டினார்.

காலை ஏழுக்குக் காபிக் கடையில் இருந்தோம். ஏழு பத்தானது. மீசை வரவில்லை. ஏழரை. எட்டு.

"லீவு நாள்ல எதுக்கு வரப்போறான்?" என்றேன்.

"வேலைக்கு லீவு போடலாம், காப்பிக்குப் போட முடியுமா? வருவான்." சொன்ன குரலில் தெம்பு இல்லை. நின்றே நான்காவது காபி குடித்துக்கொண்டிருந்தார்.

எட்டு இருபதுக்கு அரைக்கால் சட்டையும் நாயுமாக மீசை வந்தார். அண்ணாச்சி ஓடிப்போய் முதலில் அவர் கோப்பையில் இரண்டு சீனி போட்டார், பிறகு டோக்கனை நீட்டினார். மீசை சிரித்தார். நாளை வா என்று கையை ஆட்டினார்.

அண்ணாச்சி குனிந்து காலுறைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை உருவினார். எங்கள் கல்யாண போட்டோவின் ஜெராக்ஸ்! அதைத் தட்டிக் காட்டினார். மூன்று முடிச்சு போட்டுக் காட்டினார். இரண்டு கைகளையும் விரித்து அந்தச் சின்னக் கடைக்குள் விமானமாக ஒரு சுற்று வந்தார். நாய் குரைத்தது. என்னைக் காட்டி அழுவதுபோல் நடித்தார். நடிப்பு பாதியிலேயே நிஜ அழுகையாகிவிட்டது.

கல்லாவிலிருந்த அம்மாள் வெளியே வந்து மீசையைப் படபடவென்று திட்டினார். மொழி புரியவில்லை, திட்டு புரிந்தது. மீசை நாயை அவரிடம் விட்டுவிட்டு எதிரே போய்ப் பின்கதவைத் தட்டினார். துடைப்பமும் சாவிக்கொத்துமாக ஒரு பெண் திறந்தாள். ஐந்தாவது நிமிடம் பை வெளியே வந்தது. அந்த நிலையிலும் அண்ணாச்சி அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு காகிதமாகச் சரிபார்த்தார். பதினோரு மணி ரயிலை ஓடிப்போய்த்தான் பிடித்தோம். ரோம் வரை நான் அவரோடு பேசவில்லை.

வியாழக்கிழமை மணமேடையில் நாத்தனார் முடிச்சுக்காகக் கையை நீட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. "நீ மயங்கி விழுந்தியே, அதான் மறந்துட்டேன்" என்று நடுத்தெருவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைபட்டிருக்கும். அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அண்ணாச்சி அந்த ஃபைலை மறந்தது ஒரே ஒரு தடவைதான். அது எனக்காகத் தண்ணீர் தேடி, நோட்டில் குறித்து வைத்திருந்த குழாய்க்கு ஓடிய தடவை.