மூக்கு பார்த்த மாப்பிள்ளை

காதல் கண்ணில் இல்லை, மூக்கில் இருக்கிறது. என் செல்போன்தான் சொன்னது. ஆம்பளை வியர்வையில் பெரமோன் என்று ஏதோ இருக்கிறதாம். பெண்ணின் மூக்கு அதை மோப்பம் பிடித்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறதாம். போட்டுக் கழற்றிய பனியன்களைப் பெண்களிடம் முகரக் கொடுத்துச் சோதனையே செய்திருக்கிறார்கள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. என்னை ஏன் கட்டிக்கொண்டாய் என்று என் மனைவி பிரான்சியிடம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

“வந்த நாலு வரன்ல, எடமலைப்பட்டி புதூர்ல இருக்குற எங்கம்மா வீட்டுக்கு உங்க வீட்டுலேருந்துதாங்க நேர் பஸ் இருந்துச்சு.”

என் இல்லற வாழ்க்கை ஒரு டவுன் பஸ் போட்ட பிச்சை என்றால் எந்த ஆம்பளை தாங்குவான்? பொறுத்தது போதும் என்று பொங்கி எழுந்தேன்.

“பிரான்சி, கண்ணைக் கட்டிக்கிட்டு மூணு பனியனை மோந்து பாரு. என்னுதைக் கரெக்டா எடுத்துட்டா, என் வாசத்துல மயங்கித்தான் கட்டிக்கிட்டேன்னு ஈஸ்டர் விருந்துல உன் தங்கச்சிங்க முன்னாடி சொல்லணும்.”

“எடுக்கலன்னா?”

“அந்த பஸ்ஸுக்கே மாலை போட்டுடறேன்.”

அவள் யோசித்தாள்.

“சரிங்க. ஆனா அழுக்குக் கூடைப் பனியன் வேணாம். வெள்ளிக்கிழமைதான் ஆபீஸ்லேருந்து லேட்டா வரீங்க, நல்லா வேர்த்திருக்கும். வந்ததும் சூட்டோட கழட்டிக் குடுங்க. பக்கத்து வீட்டு ஆசீர் அண்ணன் உங்க வண்டியிலதானே வராரு? அவரோடதும் வேணும்.”

அறிவியல் ஆர்வம்! எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாவது பனியனுக்கு எதிர்வீட்டு அற்புதசாமி சாரிடம் போனேன். “ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல தர்மமா தம்பி? புதுசே தரேனே” என்றார். பழசுதான் வேண்டும் என்று வாங்குவதற்குள் மானம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை வந்ததும் ஆசீரிடமும் பனியனை வாங்கிக்கொண்டு அவள் கண்ணைக் கட்டினேன். முதல் பனியனை முகர்ந்தாள்.

“பவுடர் வாசம். அற்புதசாமி சார்.”

அடுத்தது என்னுடையது. முகர்ந்தாள். இன்னொரு தரம் ஆழமாக இழுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“இதுதாங்க!”

“பாத்தியா! பஸ்ஸாம் பஸ்ஸு!” என்று குதித்தேன். குதித்துக் கீழே வருவதற்குள் மூன்றாவதையும் முகர்ந்துவிட்டாள்.

“அட, இதுவும்தாங்க!”

“அடிப்பாவி! அது ஆசீருது! அவன் மேலயும் மயக்கமா?”

கண்கட்டை அவிழ்த்துவிட்டு, காம்பவுண்டு சுவர்ப் பக்கம் போய் ஆசீர் மனைவிக்குக் குரல் கொடுத்தாள்.

“ஜென்சி! நீ சந்தேகப்பட்டது சரிதான்டி. ரெண்டு பேரும் கூட்டுதான்! தவக்காலம் பூரா கறி தொடமாட்டோம்னு கோயில்ல நேர்ந்துக்கிட்டு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஓட்டல்ல உக்காந்துட்டு வராங்க!”

பிறகு என் பனியனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

“ஈஸ்டர் விருந்துல தங்கச்சிங்க முன்னாடி கண்டிப்பா சொல்றேங்க. இது பெரமோன் இல்ல, பெப்பர் மட்டன்னு!”