தனிமைக்குக் கொடுத்த பூசை

ஊரே கூடி நமக்காகச் செபிப்பது பெரிய பாக்கியம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை என்னிடம் வந்து கேளுங்கள். எனக்கு அது நடந்திருக்கிறது. அன்று கோயில் தரை பிளந்து என்னை விழுங்காதா என்று ஏங்கினேன். (விழுங்கவில்லை. அப்போதுதான் புது டைல்ஸ் போட்டிருந்தார்கள்.)

திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் கல்லூரி. மூன்றாம் ஆண்டில் என்னை மாணவர் கலை இலக்கிய மலருக்கு ஆசிரியராகப் போட்டார்கள். ஆண்டுதோறும் அதன் தலைப்பு 'இயற்கை'. அட்டையில் ஒரு தென்னை மரம், பின்னால் பாதிச் சூரியன். நான் இருக்கும்வரை அந்தத் தென்னை மரம் வராது என்று கேன்டீனில் சபதம் போட்டு, 'தனிமை' என்று தலைப்பு வைத்தேன். ஒருவர்கூட எழுதித் தரவில்லை. தமிழ்த்துறை ஐயா கூப்பிட்டார்.

"திங்கக்கிழமைக்குள்ள நாலு படைப்பாவது கொண்டாம்மா. இல்லேன்னா பேசாம இயற்கையே வச்சிடலாம்."

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. நானே எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. எப்படி வரும்? வீட்டில் ஏழு பேர், ஒரு குளியலறை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால்கூட "ஜல்தி வெளிய வா" என்று தம்பி கதவை இடிப்பான்.

சனிக்கிழமை மொட்டை மாடியில் நின்று தோழி சுமதியிடம் போனில் கத்தினேன். "தனிமைதான்டி. முடிவு பண்ணிட்டேன். யாரு என்ன சொன்னாலும் மாத்திக்க மாட்டேன்!"

பின்னால் அம்மா மல்லாட்டை (வேர்க்கடலைதான்) காயவைத்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவு என் தட்டில் மட்டும் இரண்டு முட்டை இருந்தது. மக்கு, அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு பூசையில் பங்குச்சாமியார் மைக்கில் வாசித்தார்: "தனிமையில் வாடும் ஜெசிந்தாவுக்கு ஆண்டவர் ஆறுதல் தர வேண்டி, அவருடைய பெற்றோர் இந்தத் திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறார்கள்."

எங்கள் கோயில் பங்கு மக்களில் மூன்று ஜெசிந்தா. குழப்பம் வரக்கூடாதே என்று அந்தப் புண்ணியவான், "காலேஜ் படிக்கிற ஜெசிந்தா" என்று வேறு சேர்த்துக்கொண்டார். மொத்தக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்தது.

பூசை முடிந்ததும் வாசலில் வளைத்துக்கொண்டார்கள்.

"யார்டி அவன்? சொல்லு, நாங்க பேசிக்கிறோம்" என்றார் லூர்து அத்தை.

"ஐயோ, அது காலேஜ் மலருக்குத் தலைப்பு அத்தை!"

"தெரியும், தெரியும். நாங்களும் இந்த வயசத் தாண்டித்தான வந்தோம். மொதல்ல சாப்ட்டியா?"

பாட்டுக்குழு மேரியக்காவும் அதையேதான் கேட்டார். "சாப்ட்டியா? ஒண்டியா அழுதுக்கினு இருக்காத, பாட வந்துடு." கூட்டம் கலையும்வரை காத்திருந்து லாரி ஓட்டும் சவரி அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, தனியா வண்டி ஓட்டிக்கினு போறப்ப எனக்கும் பேஜாராதான் இருக்கும். கூட்டேரிப்பட்டுல ஒரு டீக்கடை. டீ நல்லாவே இருக்காது. ஆனா அந்தாளு 'சாப்ட்டியாப்பா'ன்னு கேப்பாரு. அதுக்கோசரமே வண்டிய நிறுத்துவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமான அழுகை. ("பாத்தியா, நான் சொல்லல?" என்று தூரத்தில் லூர்து அத்தை.)

திங்கட்கிழமை பேருந்து கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மலரின் தலைப்பை மாற்றிப் போட்டேன்: 'சாப்ட்டியா?' விழுப்புரத்தில் இறங்குவதற்குள் படைப்புகள் வர ஆரம்பித்துவிட்டன. விடுதிப் பெண் ஒருத்தி, தினமும் போனில் அந்தக் கேள்விக்கு அம்மாவிடம் தான் சொல்லும் பொய்யை எழுதியிருந்தாள். ஒருவன் யாருக்காகவோ மூடிவைத்த சோற்றுத் தட்டை வரைந்திருந்தான். பார்க்கப் பார்க்க எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"இதெல்லாம் ஒரு தலைப்பாம்மா?" என்று ஐயா முகம் சுளித்தார். மதியம் அவரே ஒரு கவிதையை நீட்டினார். (சுமார்தான். போட்டுவிட்டோம்.) அட்டையில் அந்தத் தட்டு வந்தது. ஓரத்தில் ஒரு குட்டித் தென்னை மரமும் எப்படியோ வந்துவிட்டது.

சில ஆண்டுகள் கழித்து எனக்குக் கோயிலில் ஓலை வாசித்தார்கள். (கல்யாண அறிவிப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) சாமியார் என் பெயரைச் சொல்லி வாய் மூடவில்லை, பின்வரிசையிலிருந்து சவரி அண்ணன் குரல்: "அன்னிக்குக் குடுத்த பூசை பலிச்சிடுச்சி டோய்!" சாமியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

இன்றும் நான் அறைக்குள் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தால் போதும், "ஜெசி, பூசைக்குக் குடுத்துடட்டா?" என்பார் கணவர். அம்மா வந்திருந்தால் ஒன்றும் கேட்கமாட்டார். அன்று இரவு என் தட்டில் மட்டும் இரண்டு முட்டை இருக்கும்.