இறகு நானா கட்டிய சிறகு

கண்டி மாவட்டத்துச் சேவல்களெல்லாம் ஒன்றுகூடி ஒரு மனிதர் மேல் பொலிஸில் முறைப்பாடு கொடுக்க முடிவு செய்தால், அந்த மனிதர் இறகு நானாவாகத்தான் இருப்பார். அவர் சேவலை ஒன்றும் செய்யமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வை கழுத்தில் தொடங்கி, முதுகு வழியாக வாலுக்குப் போய், அங்கே நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடியும் கழுத்துக்கு வரும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. முஸ்லிம் ஆட்களின் பேச்சில் நானா என்றால் அண்ணன், எங்களுக்கு அது போதுமாக இருந்தது. வத்தேகமவில் சந்தைக்கு மேலே ஏறுகிற பாதையில் எங்கள் வேலைத்தலம். அங்கே தூண்டிலுக்குப் பூச்சி கட்டுகிறோம். உயிருள்ள பூச்சி இல்லை. விரல் நகத்தைவிடச் சின்னத் தூண்டில் முள் ஒன்றை வைஸ் என்கிற இடுக்கியில் கடிக்கக் கொடுத்து, அதன்மேல் இறகு, முயல் முடி, ஜரிகை என்று ஒவ்வொன்றாக வைத்து நூலால் சுற்றிக்கொண்டே போனால், கடைசியில் அங்கே ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். தலையில் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தால் வேலை முடிந்தது. பிறகு அது பெட்டியில் ஏறி வெளிநாடு போய், அங்கேயுள்ள மீன்களை ஏமாற்றும். இந்த வேலைக்கு வேண்டிய இறகெல்லாம் இருந்த ஸ்டோருக்கு நானாதான் பொறுப்பு. மடவளையிலிருந்து பஸ்ஸில் வருவார்.

நான் எட்டாம் ஆண்டோடு பாடசாலையை விட்டவள். படிப்பு நின்ற இடத்தில் பயம் தொடங்கியது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியாதது எல்லாம் ஆபத்தானது என்று முடிவுகட்டி வைத்திருக்கிறேன். சோற்றுப் பார்சலுக்குள் முள் விழுந்திருக்குமோ, மூச்சோடு இறகுத்தூள் உள்ளே போய்க் கூடு கட்டிவிடுமோ, நான் கட்டிய பூச்சி தண்ணீரில் அவிழ்ந்துபோய் அதை வாங்கிய வெள்ளைக்காரர் கோபத்தில் விமானம் ஏறி வந்துவிடுவாரோ. இப்படிப்பட்டவளுக்கு நானாவின் ஸ்டோருக்குப் போய் சாமான் கேட்பது சாதாரண காரியமில்லை.

சுவர் நீளத்துக்கு ஒரு அலுமாரி, அது நிறைய இழுத்துத் திறக்கிற லாச்சிகள். சேவல் கழுத்து இறகு தனி, முதுகு இறகு தனி, வாத்து தனி, கினிக்கோழி தனி. நாம் கேட்டதும் எடுத்துத் தரமாட்டார். முதலில் நம் கையைப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். பிறகு இறகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டுத்தான் தருவார். ஒன்று கூடுதலாகக் கேட்டால், கேட்டவருக்கே வெட்கம் வந்துவிடும்.

வேலைத்தலத்தில் மின்விசிறி இல்லை. இறகு பறக்கும் என்று நானா வைக்கவிடவில்லை. தும்மலுக்கும் சட்டம் போட்டிருந்தார். தும்மல் வருகிற மாதிரி இருந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விட வேண்டும். ஒருநாள் என் பக்கத்துக் கதிரையில் இருக்கிற இந்திராணி அக்காவுக்கு வாசல்வரை போக நேரம் கிடைக்கவில்லை. பிரித்து வைத்திருந்த பஞ்சிறகு முழுவதும் கூரைக்கு எழும்பி, ஆறுதலாக, மிக ஆறுதலாக, எங்கள் எல்லோர் தலையிலும் இறங்கியது. நானா கோபிக்கவில்லை. இரண்டு கைகளையும் ஏந்தியபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பனி விழுற ஊரு இப்பிடித்தான் ஈக்குமாம்” என்றார் மெதுவாக.

“அப்ப இன்னொரு தரம் தும்மட்டுமா நானா?” என்றார் இந்திராணி அக்கா.

அவருடைய இறகுப் பித்துக்கு அளவில்லை. மடவளையில் ஒரு கல்யாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி நாலைந்து பேரோடு சாப்பிட உட்கார்ந்தவர், பொரித்த கோழித் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது வெள்ளையா, செவப்பா?” என்று கேட்டாராம். மற்றவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது யாருடைய வேலியிலாவது நல்ல சேவல் நின்றால் மணியடித்து இறங்கிவிடுவார். ஒரு வீட்டுக்கார அம்மா பயந்துபோய், “யாரைத் தேடுறீங்க?” என்று கேட்க, இவர் சேவலைக் காட்டி, “இவரத்தான்” என்றாராம்.

இப்படிப்பட்ட மனிதர் சில மத்தியானங்களில் ஸ்டோர் யன்னலருகே ஒரு இறகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். வெளியே மலைமேல் மழை வரும், போகும். கூப்பிட்டால் காது கேட்காது. ஒருமுறை என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“இந்த எறகு எங்க போவும்டு யோசிக்கிறேன் தங்கச்சி. கண்ணாடி மாதிரி தண்ணி. ஐஸ் குளிரு. நடுவுல ஒரு தொர இடுப்பளவு தண்ணியில நிக்கிறாரு. சத்தமே இல்ல. இது தண்ணிக்கி மேல மெதுவா மெதக்குது. கீழேந்து மீன் பாக்குது.”

“பாத்துட்டு?”

“கவ்வும். தொர புடிச்சி, முத்தம் குடுத்து, திருப்பித் தண்ணியிலேயே வுட்டுருவாரு.”

“அப்ப எதுக்குங்க புடிக்கிறாரு?”

நானா இறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அது தொரமாருட பிரச்சின” என்றார்.

மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலிக்கு அடியில் ஒரு மைனாச் சோடி கூடு கட்டத் தொடங்கியபோதுதான் நானாவின் நிம்மதி போனது. இரண்டில் ஒன்று கெட்டிக்காரக் களவாணி. யன்னல் கம்பிக்குள்ளால் புகுந்து, விலை கூடிய வெள்ளைப் பஞ்சிறகாகப் பார்த்து வாய் நிறைய அள்ளிக்கொண்டு போகும். மட்டமான இறகைத் தொடாது. தரம் தெரிந்த களவாணி என்பதுதான் நானாவுக்கு அதிகம் வலித்தது.

“நான் ஒண்டு ஒண்டா எண்ணி வெக்கிறேன். இது வந்து மெத்த தைக்கிது” என்று மூங்கில் கழியோடு வாசலில் நின்று கூரையைப் பார்த்துத் திட்டுவார். மைனாவும் பதிலுக்குத் திட்டும். இருவரும் ஒரே மாதிரித் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள்.

ஸ்டோரில் எலித் தொல்லையும் இருந்தது. அதற்காக நானா கடையில் விற்கிற ஒட்டு அட்டையொன்றை வாங்கி, யன்னலுக்குக் கீழே விரித்து வைத்தார். எலி வரவில்லை. மறுநாள் காலை நாங்கள் உள்ளே போனபோது, மைனா அட்டையில் விரித்த சிறகோடு கிடந்தது. அலகில் அப்போதும் ஒரு துண்டுப் பஞ்சிறகு.

நானா கத்துவார் என்று நினைத்தேன். அவர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நான் எலிக்கித்தான் வெச்சேன்” என்று மைனாவிடம் சொன்னார். “எலிக்கித்தான்டா வெச்சேன்.”

இந்திராணி அக்கா சாப்பாட்டுக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்தார். எண்ணெய் தடவித் தடவி நானா அதை அட்டையிலிருந்து எடுத்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இழுத்துப் பறித்து உதறியதில், ஒரு பக்கச் சிறகின் பெரிய இறகெல்லாம் பாதியில் முறிந்து போயிருந்தன. வெளியே பீலியில் மற்ற மைனா உட்கார்ந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது பதில் சொல்லிக்கொண்டு எழும்பும், சுழன்று விழும்.

“புது எறகு மொளைக்காதா?” என்று கேட்டேன்.

“மொளைக்கும். பழசு தானா விழுந்தாத்தான் மொளைக்கும். அது எப்ப விழப்போவுது? அதுக்கு மொத பூனை தின்னுரும்.” பக்கத்துக் கடைப் பூனை மதிலில் உட்கார்ந்து, அந்தப் பேச்சு தனக்கு ஒன்றும் புதிதில்லை என்பது போலக் காலை நக்கிக்கொண்டிருந்தது.

நானா ஸ்டோர்க் கதவைச் சாத்தினார். எங்களுக்கு நூலுமில்லை, இறகுமில்லை. மெனேஜர் மிஸ் வந்துவிடுவாரோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

“தங்கச்சி, ஒங்கட கை நடுங்குமா?”

“நடுங்குங்க நானா. எப்பவுமே நடுங்கும்.”

“வாங்க. இதுவும் நடுங்குது. ரெண்டும் ஒண்டா நடுங்கினா அசையாத மாதிரி ஈக்கும்.”

மைனாவைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. என் நெஞ்சும் அதே வேகத்தில்தான் அடித்தது. யாருடையது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நானா நீளமான தூண்டில் முள் ஒன்றை எடுத்து வளைந்த முனையையும் கண்ணையும் வெட்டி எறிந்தார். மிஞ்சிய நேர்த்தண்டை ஒரு வாத்து இறகின் அடிக்குழலுக்குள் பாதி செருகினார். மற்றப் பாதியை மைனாவின் முறிந்த இறகுக் குழலுக்குள் செருகினார். மேலே பூச்சி கட்டுகிற நூலால் சுற்று. ஒரு துளி வார்னிஷ். வாத்து இறகோ பளீரென்ற தோடம்பழ ஆரஞ்சு நிறம். சாயம் பிசகி ஓடரிலிருந்து ஒதுக்கிய கட்டு அது.

இந்திராணி அக்கா எட்டிப் பார்த்தார். “நானா, கறுப்பு நெறத்துல எறகு லாச்சி நெறைய இருக்கே.”

“அது ஓடர்ட சாமான். தொட ஏலாது. இது ரிஜெக்ட்.”

“மைனாவப் பாத்தா கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி இருக்குங்க.”

“அதுக்குப் பறந்தாப் போதும். பந்தலா ஈந்தா என்ன?”

முறிந்த ஒவ்வொன்றுக்கும் அப்படியே. கடைசி இறகுக்கு நூல் சுற்றும்போது மெனேஜர் மிஸ் வந்து வாசலில் நின்றார். எனக்கு வேலை போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. வீட்டில் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். மிஸ் கண்ணாடியை இறக்கி, மைனாவைப் பார்த்தார், நானாவைப் பார்த்தார்.

“நூல் தலைப்பு வெளியில தெரியுது நானா” என்றார். “நல்லா முடிங்க.” போய்விட்டார்.

அன்று மாலை நானா மைனாவைப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனார். மறுநாள் திரும்பக் கொண்டுவந்தபோது வார்னிஷ் நன்றாகக் காய்ந்திருந்தது. வாழைப்பழம் தின்ற வாயோடு மைனா பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தது. நாங்கள் எல்லோரும் முற்றத்தில். கூரைப் பீலியில் மற்ற மைனா. மதிலில் பூனை.

நானா பெட்டியைச் சரித்தார். மைனா இறங்கி நடந்தது. சந்தைக்கு வந்த ஆள் மாதிரி அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு நடந்தது. சிறகை விரித்து அந்தத் தோடம்பழ நிறத்தைக் கண்டு தானே திடுக்கிட்டு மடக்கிக்கொண்டது. கூரையிலிருந்தது கூப்பிட்டது. இது நிமிர்ந்து பார்த்ததோடு சரி. பூனை எழுந்து முதுகை நெளித்தது.

“களவெடுக்கத் தெரிஞ்சிச்சி. பறக்கத் தெரியாதா?” நானா அதன் பின்னால் குனிந்தபடி நடந்தார். “எழும்பு வாப்பா. எழும்பு.”

எழும்பவில்லை. பூனை மதிலிலிருந்து குதித்தது. இந்திராணி அக்கா செருப்பைக் கழற்றி எறிந்தார். அது பூனைக்குப் படாமல் என் காலில் பட்டது. அந்த இடைவெளியில் நானா ஸ்டோருக்குள் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை. திரும்பி வந்தபோது கைநிறைய வெள்ளைப் பஞ்சிறகு. ஓடருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த, எங்களுக்கு எண்ணியெண்ணித் தருகிற, அந்த முதல்தரப் பஞ்சிறகு. கூரையை நோக்கி அப்படியே ஊதிவிட்டார்.

காற்று அதை மேலே எடுத்தது. மைனா ஒருமுறை தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு களவெடுக்கிற வேகத்தில் எழும்பி, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் நெருப்புமாக, பறக்கிற பஞ்சை நடுவழியில் கவ்விக்கொண்டு பீலியில் போய் உட்கார்ந்தது. மற்ற மைனா அதைச் சுற்றி வந்து பார்த்தது. சிறகின் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. எங்களில் யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. வெள்ளைப் பஞ்சு இறங்கிக்கொண்டே இருந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அதன் பிறகு வத்தேகமவில் ஒரு அபூர்வப் பறவை இருப்பதாகப் போனுக்குப் போன் படம் போனது. கழுத்தில் தூரக்கண்ணாடி மாட்டிய தொப்பிக்காரர்கள் வந்து நானாவிடம் விசாரித்தார்கள். நானா முகத்தை நேராக வைத்துக்கொண்டு, “நான் கண்டு ஈக்கிறேன். வாப்பா வழியில அது மைனா. இந்தச் செறகு மட்டும் வாத்துட சொந்தம்” என்றார். அவர்கள் அதை எழுதிக்கொண்டு போனார்கள்.

காலம் வந்தபோது தோடம்பழ இறகுகள் ஒவ்வொன்றாக முற்றத்தில் விழுந்தன. அந்த இடத்தில் மைனாவின் சொந்த இறகு முளைத்தது. கடைசி இறகும் விழுந்த பிறகு, மலையிலுள்ள அத்தனை மைனாக்களில் எது அவருடையது என்று நானாவுக்குத் தெரியவில்லை. அதனால் எந்த மைனா யன்னலுக்கு வந்தாலும் கழியை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

முழங்கால் வலி கூடி, நானா இப்போது பிலிமத்தலாவையில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் ஸ்டோர் யன்னலில் ஒரு மைனா வந்து உட்கார்ந்து, உள்ளே தலையை நீட்டி யாரையோ தேடியது. ஏதாவது கெட்ட செய்தியோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உடனே நானாவுக்குப் போன் எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தார்.

“எந்த மைனா?” என்றார்.

“தெரியலைங்க நானா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு.”



“அப்ப அதுதான் தங்கச்சி” என்றார்.

நான் போனை யன்னலோரமாக நீட்டிப் பிடித்தேன், அவருக்கும் அது கத்துவது கேட்கட்டும் என்று.