பள்ளிக்கூடத்துக்கு அருகில் ஓர் அமைதியான மாடி

குழந்தைகளின் எதிர்காலத்தில் இந்த மாநிலத்திலேயே அதிக அக்கறை கொண்டவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள்தான் என்பதைப் பணிவுடன் இங்கே பதிவு செய்கிறேன். சந்தேகப்படுகிறவர்கள் கையில் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டு வீடு தேடிப் பார்க்கலாம்.

என் பெயர் லிஜின். நாகர்கோவிலில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளன். ஊர் முட்டம். மனைவி ஷெர்லி, மகள் பிளஸ்ஸிக்கு ஐந்து வயது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் குரல் கொஞ்சம் பெரிது. கடல் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள். ஒருவர் காதில் ரகசியம் சொன்னால் கடலில் வள்ளத்தில் இருப்பவர் பதில் சொல்வார். பிளஸ்ஸிக்கும் அந்தக் குரல் குறைவில்லாமல் வாய்த்திருந்தது.

நகரத்தின் விளிம்பில் 'சர்வதேசத் தரம்' வாய்ந்த ஒரு பள்ளியில் அவளைச் சேர்த்தோம். அந்தத் தரத்தை எட்டுவதற்காக வேன் எங்கள் தெருவுக்கு விடியும் முன்பே வந்துவிடும். பிளஸ்ஸி வேனில் உறங்குவாள். வகுப்பிலும் அதைத் தொடர்வாள். "வீட்டப் பக்கத்துல மாத்திருங்க" என்றார் டீச்சர். அவர் சொன்னால் சரிதான்.

முதலில் பார்த்த வீட்டு வாசலில் 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று பலகை தொங்கியது. வீட்டுக்கார அம்மா எங்களைப் பார்த்து முகம் மலர்ந்தார். ஷெர்லியின் பின்னாலிருந்து பிளஸ்ஸி எட்டிப் பார்த்ததும் மலர்ச்சியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

"பிள்ளையும் உண்டா?"

"ஃபேமிலிக்குன்னு போட்டிருக்கே அம்மா."

"ஃபேமிலிதானே கேட்டேன்? பிள்ளைய யாரு கேட்டா?"

இரண்டாவது வீட்டின் உரிமையாளர் மஸ்கட்டில் இருந்தார். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே காலை வைத்ததும் சுவரிலிருந்த கேமரா பேசியது: "பிள்ள சுவர்ல கை வைக்குது. எடுக்கச் சொல்லுங்க." நான் கேமராவுக்கு வணக்கம் வைத்தேன். "கலர் பென்சில் வச்சு எழுதுமா?" என்றது கேமரா. "எழுதும் சார். அதுக்குத்தானே பள்ளிக்கூடத்துல சேத்திருக்கு" என்றேன். அதன்பின் கேமரா எங்களோடு பேசவில்லை. வாட்ச்மேன்தான் "போயிட்டு வாங்க" என்றார்.

இப்படிப் பல படிகள் ஏறி இறங்கிய பிறகுதான் சுயம்புராஜ் சாரின் மாடி கிடைத்தது. பள்ளியின் மணியை அங்கிருந்தே கேட்கலாம். சார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்காகவே உழைத்தவர் என்று அவரே சொன்னார்.

"முட்டமா? எனக்கு அப்பிடி வித்தியாசம் ஒண்ணும் கிடையாது, கேட்டியளா. மீன் மட்டும் மேல வைக்கப்பிடாது. வாடை."

"சரி சார்."

"நல்ல நெய்மீன் கிட்டிச்சுண்ணா கீழ குடுத்திருங்க. எங்க வீட்டுல கறி வச்சுத் தருவா."

அவர் மனைவி பகவதியம்மாள் உள்ளேயிருந்து தலையசைத்தார். அடுத்து, சார் பிளஸ்ஸியைத் தலைமுதல் கால்வரை ஆய்வு செய்தார்.

"ஓடுமா?"

"நடக்கத்தான் செய்யும் சார்."

"அழுமா?"

"அதெல்லாம் விட்டுட்டா சார்."

"எனக்குப் பிள்ளேள்ணா உயிரு. சத்தம்தான் ஆகாது. ரெண்டும் ஒண்ணா இருக்கப்பிடாது, அவ்வளவுதான்."

அமைதிப் பேச்சுவார்த்தை என்று செய்தித்தாளில் படித்திருக்கிறேன். அமைதிக்காகப் பேச்சை விட்டுவிடுவதுதான் அது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த வாரமே குடிவந்தோம்.

நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டினேன். பந்தைச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்தோம். ஷெர்லி குக்கர் விசில் அடிக்கும் முன்பே அடுப்பை அணைத்துவிடுவாள். பாதி வெந்த பருப்பு உடம்புக்கு நல்லது என்று நான் சாப்பிட்டேன். இவ்வளவு செய்தும் முதல் மாதங்களில் சாரிடமிருந்து போன் வரும்.

"மேல யாரோ சிரிச்சது போலத் தோணிச்சு."

"பிள்ள கனவுல சிரிச்சுது சார்."

"கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொண்டோம். பிளஸ்ஸி நுனிக்காலில் நடக்கக் கற்றாள். தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளரைக் காட்டுவாள். மழை பெய்தால் ஜன்னலில் நின்று வாயைத் திறப்பாள். பாட்டு வராது, உதடு மட்டும் அசையும். சாரின் போன் நின்றுபோனது. வளர்ச்சி என்றால் இதுவல்லவா வளர்ச்சி!

ஆனால் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "பிள்ளைக்குப் பேச்சு வராதுண்ணு அட்மிஷன்லயே ஏன் சொல்லல்ல?"

டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டை பிரமாதமா இருக்கு. வீட்டுல பேச விடுவியளா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. எங்களுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

அன்று ஷெர்லி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தம் கீழே கேட்குமே என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

"ஊருக்கே போயிருவோம்" என்றாள், காதோடு.

"பள்ளிக்கூடம் இவ்வளவு பக்கத்துல வேற கிட்டுமா? கொஞ்சம் பொறு."

பொறுத்தாள். பள்ளி ஆண்டுவிழா வந்தது. சிறப்பு விருந்தினர், நம்முடைய சுயம்புராஜ் சார். 'குழந்தைகளும் நாமும்' என்று உரையாற்றினார். குழந்தைகள் சுதந்திரமாகச் சிறகடிக்க வேண்டும் என்றார். கைதட்டல். திடீரெனக் கண் கலங்கினார்.

"என் வீட்டு மாடியிலயே ஒரு பிள்ள இருக்கு. இருக்குதாண்ணே தெரியாது! அப்பிடி ஒரு ஒழுக்கம். அந்தப் பிள்ள இங்கதான் படிக்குது. மேடைக்கு வரட்டும்!"

பலத்த கைதட்டலுக்கிடையே பிளஸ்ஸி நுனிக்காலில் மேடையேறினாள். எனக்கு நெஞ்சு விம்மியது. ஷெர்லி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். சார் மைக்கைத் தாழ்த்தி அவள் வாயருகே வைத்தார்.

"மக்களே, பேரு சொல்லு."

பிளஸ்ஸி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பதறிப்போய் விரலை உதட்டில் வைத்தாள். நல்ல விலை கொடுத்து வாங்கிய மைக், எதையும் விடாது.

"ஷ்... சத்தம் போடாதுங்க. கீழ சார் உறங்குதாரு."

அரங்கு வெடித்துச் சிரித்தது. முன்வரிசையில் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சாரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாதி எனக்கு வந்து சேர்ந்தது. பெற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சார் மாடிக்கே வந்தார்.

"வேற வீடு பாத்துக்கிடுங்க. பிள்ள சத்தம் சரிப்படாது."

அத்தனை மாதங்களில் அவள் வாய்திறந்து பேசியது அது ஒன்றுதான். அதையும் ரகசியமாகத்தான் பேசியிருந்தாள். நான் வழக்கம்போல "சரி சார்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஷெர்லி என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முட்டத்துக் குரலைத் தாழ்த்தாமல், முழுதாக எடுத்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பிளஸ்ஸி காதைப் பொத்தினாள். பிறகு மெல்லக் கையை எடுத்துவிட்டு அம்மாவை வாய்பிளந்து பார்த்தாள்.

"போறோம் சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத்தன காலமா பள்ளிக்கூடத்துல யாருக்கு சார் பாடம் எடுத்திய? பெஞ்சுக்கா?"

சார் ஒழுக்கமான மனிதர். நுனிக்காலில் படியிறங்கிப் போனார்.