எட்டாம் படியும் இரும்புச் சேவலும்

கணக்குப்படி, அஞ்சலாட்சி வறுக்கும் கருவாட்டு நாற்றம் கிழக்கே குஞ்சம்மாள் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். அருள்முருகன் அங்கே அரைமணி நேரம் மோந்து பார்த்தும் சாம்பிராணிதான் வந்தது.

"என்னா தம்பி, எங்கூட்ல என்னாத்த தேடற?"

"நாத்தம் எதுவும் வரலியாக்கா?"

குஞ்சம்மாள் அதோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும், அருள்முருகன் நாலு வருஷமாக வாசனையில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டே இருக்கிறான். வாசனையைக் காற்றும் இழுத்துப் போகும். அது தானாகவும் பரவும். இரண்டையும் சேர்த்துக் கணிக்க, தெருவைக் கம்ப்யூட்டரில் முக்கோணம் முக்கோணமாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாடு. சமன்பாட்டின் படியை உயர்த்தினால் துல்லியம் கூடுமாம். பட்டம் வந்தால்தான் தாலி என்று சரிதாவின் அப்பா சொல்லியிருந்தார். தை வந்தால் சரிதாவுக்கு இருபத்தெட்டு முடிகிறது. நாங்கள் விசாரிக்கவில்லை, காதில் விழுந்தது.

இரண்டாம் படியை நாலாக்கினான். பென்டியம் கம்ப்யூட்டர் ஒரு நாள் முழுக்க ஓடி, குஞ்சம்மாளுக்கு அடுத்த வீட்டில் நாற்றம் மைனஸ் மூணு என்றது.

"மைனஸ் நாத்தம்னா என்னா, மணக்குமா?" என்றாள் சரிதா செல்லில்.

"விடை அலையுது சரிதா. படி பத்தல."

எட்டாக்கினான். நாலு நாள் ஓடியது. அலைச்சல் அடங்கி, விடை பளிங்கு மாதிரி வந்தது: குஞ்சம்மாள் வீட்டுச் சமையலறை ஜன்னல், மாலை நாலு பன்னிரண்டு. அந்தச் சந்தோஷத்தில் அவன் சரிதாவிடம் உளற, மாமனார் பத்திரிகையே அடித்துவிட்டார், மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டு.

ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுமுன் நேரில் பார்க்க வேண்டும் என்று அவனுடைய பேராசிரியர் ஜானகிராமன் வந்தார். அருள்முருகன் கேட்டுக்கொண்டபடி அஞ்சலாட்சி அடுப்பை மூட்டினாள். அந்த மாதத்தில் அது பதினோராவது வறுவல். அவள் புருஷன் ஓட்டலில் சாப்பிட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது.

நாலு பன்னிரண்டு. ஜானகிராமன் ஜன்னலடியில் மூக்கை நீட்டினார்.

"ஒண்ணும் வரலியேப்பா."

"படிய பதினாறாக்கிடலாம் சார்."

அப்போது மேற்கு வீட்டிலிருந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விர்ஜினி மதாம் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துச் செத்துப்போன கிளோத் முசேயின் மனைவி.

"ஒரு மாசமா எங்கூட்டுத் திரையெல்லாம் கருவாடு நாறுது. யாரு வறுக்கறது?"

ஜானகிராமன் மெல்லத் திரும்பினார்.

"அருள், காத்து எந்தப் பக்கம்னு எதப் பாத்து எடுத்த?"

"மதாம் மாடியில இரும்புச் சேவல் இருக்கு சார். காத்து வர்ற பக்கம் மூஞ்சியத் திருப்புமே, அதான். நாலு வருஷமா தெனம் மூணு வேளை குறிச்சிருக்கேன். மேற்கேதான், ஒரு டிகிரிகூட அசையல. இவ்ளோ சுத்தமான டேட்டா யாருக்குமே கெடைக்காது சார்."

மதாம் கைக்குட்டையை இறக்கினார்.

"அது எப்படி தம்பி அசையும்? எந்நேரமும் பிரான்ஸப் பாத்தே நிக்கட்டும்னு எங்க முசே அதுக்கு வெல்டு வெச்சு இருபது வருஷமாச்சே."