ஏவுதளத்தின் மங்கலச் சொல்

ராக்கெட் என்பது வெடிக்கக்கூடிய ஒரு பொருள். எங்கள் ஏவுதளத்தில் இது எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் மட்டும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அதனால்தான் ராக்கெட்டின் உச்சியில் இன்னொரு குட்டி ராக்கெட் உண்டு. பெரியது தீப்பிடித்தால், ஆட்கள் இருக்கும் கூண்டைச் சின்னது பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். பிறகு பாராசூட் விரியும். ஆனால் தனியொருவன் மூளை கலங்கி அதை இயக்கிவிடக் கூடாதல்லவா? எனவே இரண்டு அறைகள், இரண்டு பொத்தான்கள், இரண்டு ஆட்கள். இயக்குநர் தொலைபேசியில் சங்கேதச் சொல்லைச் சொன்னதும் இருவரும் ஒன்றாக அழுத்த வேண்டும். ஒருவர் மட்டும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அழுத்தியவர் பெயர் மட்டும் பதிவாகும்.

ஒரு பொத்தான் என்னுடையது. மற்றது தல்காத்துடையது. சங்கேதச் சொல், எங்கள் பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர்: சிர்தரியா. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

அந்த வருடம் புது இயக்குநராக கென்னாதி பாவ்லோவிச் வந்தார். தலைநகரில் நேர்மறைச் சிந்தனைப் பயிற்சி முடித்து வந்தவர். வந்ததும் 'தப்பித்தல்' என்ற சொல்லுக்குத் தடை விதித்தார். இனி அது 'முன்கூட்டிய வெற்றிகரத் தரையிறக்கம்'. சங்கேதச் சொல்லும் மங்கலமாக இருக்க வேண்டுமாம். குழு அமைத்தார்கள். ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஒரு சொல் கேட்டது. யார் மனமும் நோகாமல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். இறுதியில் கிடைத்தது இது: "புல்வெளி மக்களின் தளராத நம்பிக்கையுடன் ஒளிமயமான வருங்காலத்தை நோக்கி ஒன்றிணைந்த மாபெரும் பயணம்."

"அண்ணே, இவரு இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள உள்ள இருக்கறவங்க வெந்துருவாங்க," என்றான் தல்காத்.

கூட்டத்தில் விண்கலத் தலைவி குல்சாராவும் அதையே கேட்டார். அடுத்த ராக்கெட்டில் ஒரு பொறியாளருடன் ஏறவிருந்தவர் அவர்தான்.

"மேல உக்காரப் போறது நான். கொஞ்சம் சுருக்கமா வைக்கக் கூடாதா?"

"உங்க மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கு," என்றார் இயக்குநர்.

"ராக்கெட் மேல?"

"அது எங்க சொந்த ராக்கெட்டு. அதைச் சந்தேகப்படுவோமா?"



ஏவும் நாள் வந்தது. தலைகீழ் எண்ணிக்கை முடியும் முன்பே அடியில் தீப்பிடித்தது. தொலைபேசி வழியே இயக்குநர் அறையில் நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டது.

"கீழ என்ன அது, வெளிச்சமா?"

"நெருப்புங்க," என்றார் துணை இயக்குநர் ரெனாத்.

"எதிர்மறையாப் பேசாதீங்க."

"சரிங்க. திட்டமிடாத ஒளியூட்டல். ஆனா மேல ஏறுதுங்க."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "புல்வெளி மக்களின் தளராத நம்பிக்கையுடன்..."

"மன்னிக்கணும். 'தளர்வற்ற'. நேத்துத்தான் திருத்தினோம்."

"முன்னாடியே சொல்றதில்லையா? புல்வெளி மக்களின் தளர்வற்ற..."

என் விரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தலாம். தல்காத் அழுத்தாவிட்டால்? கூண்டு நகராது, விதிமீறியவனாக என் பெயர் மட்டும் நிற்கும். அடுத்த அறையில் அவனும் இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பான். மேலே இரண்டு உயிர்கள். கீழே இரண்டு புத்திசாலிகள்.

"...ஒளிமயமான வருங்காலத்தை..." என்று சொல்லிவிட்டு இயக்குநர் இருமத் தொடங்கினார். புகை உள்ளே வந்துவிட்டது போலிருக்கிறது.

அப்போது அதே தொலைபேசியில் தல்காத்தின் குரல்: "அண்ணே, எனக்குத் தும்மல் வருது. தும்முனா கை பொத்தான்ல படும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

"எனக்கும் வருது தம்பி," என்றேன்.

இருவரும் தும்மினோம். கூண்டு சீறிக்கொண்டு மேலே போனது. அது போன கையோடு அடியிலிருந்த ராக்கெட் பெரும் சத்தத்துடன் வெடித்தது.

குட்டி ராக்கெட் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்திருந்தது. தொலைவில், ஒட்டகங்கள் மேயும் இடத்தில் கூண்டு முழுசாக இறங்கிக் கிடந்தது. இயக்குநர் ரெனாத்தோடும் மருத்துவரோடும் எங்களையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார், விசாரணைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று. வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை.

"நான் வாக்கியத்தை முடிக்கவே இல்லையே. அப்போ நடந்தது என்ன?"

"தும்மல்ங்க," என்றான் தல்காத்.

"தும்மல் விதியில இருக்கா?"

"தடை செஞ்சதா எங்கயும் இல்லைங்க," என்றார் ரெனாத். இயக்குநர் முகம் தெளிந்தது.

கூண்டின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினோம்.

"குல்சாரா, உயிரோட இருக்கீங்களா?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். யாரு உத்தரவு குடுத்தது?"

"யாரும் குடுக்கல," என்றோம் எல்லோரும்.

குல்சாரா எங்கள் ஏவுதளத்தில் பல வருடம் வேலை பார்த்தவர் அல்லவா? யோசித்திருப்பார்.

"நாங்க ரெண்டு பேரும் உள்ள எதையும் தொடலைன்னு முதல்ல எழுதிக் குடுங்க. அப்புறமாத் திறக்கறேன்."

நியாயமான கோரிக்கை. ஜீப்பின் முன்புறத்தில் தாளை விரித்து, ரெனாத் வாசகத்தை அமைக்கத் தொடங்கினார். 'தொடவில்லை' என்பது எதிர்மறையாகத் தொனிப்பதாக இயக்குநர் கருதினார். மருத்துவர் பையோடு வெயிலில் நின்றார்.

நானும் எதையும் தொடவில்லை என எனக்கும் ஒரு தாள் வேண்டும் என்று முதலில் கேட்டவன் நான்தான்.